நடைவழியில் படுத்திருக்கும் பூனை

மூன்று பூனைகள் வாழும் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். குளியலறைச் சுவரோரமாக மூன்று மணல் பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. நாள்தோறும் அவை சுத்தமும் செய்யப்படுகின்றன. இருந்தும் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் மெத்தை சிறுநீரால் நனைந்துவிடுகிறது. வீட்டார் கவனிக்கத் தவறுவது, குளியலறைக்குச் செல்லும் குறுகிய நடைவழியின் குறுக்கே ஒரு பூனை கால்களை மடித்துப் படுத்திருப்பதைத்தான். அது சீறுவதில்லை, உறுமுவதில்லை, நகத்தை நீட்டுவதுமில்லை. பார்ப்பவர்கள் அது இளைப்பாறுகிறது என்றே நினைப்பார்கள். இன்னொரு பூனை நடைவழியின் முனைவரை வருகிறது, ஒரு கணம் தயங்கி நிற்கிறது, படுத்திருக்கும் பூனை அதன்மீது பார்வையை நிலைநிறுத்தியதும் ஓசையின்றித் திரும்பிப் போய்விடுகிறது. மெத்தை நனைவது அதற்குப் பிறகுதான்.

ஓசையில்லாத இந்தத் தடுப்பை விளங்கிக்கொண்டால், லிட்டர் பாக்ஸ் என்று பூனை வளர்ப்போர் சொல்லும் மணல் பெட்டியைச் சுற்றி எழும் சிக்கல்களில் பெரும்பகுதி விளங்கிவிடும். பூனை பழிவாங்குகிறது, பிடிவாதம் பிடிக்கிறது என்ற விளக்கங்களை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மனிதரைத் தண்டிக்கும் நோக்கத்தோடு ஒரு பூனை சிறுநீர் கழிக்கிறது என்று கருத எந்த அடிப்படையும் இல்லை. போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாத பூனை, போக முடிந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது, அவ்வளவே நடக்கிறது.

வீட்டுப் பூனையின் மூதாதை, ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழும் ஃபெலிஸ் லிபிகா என்னும் காட்டுப் பூனை. மனிதக் குடியிருப்புகளுக்கு அருகில் அது வாழத் தொடங்கி ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகின்றன என்று மரபணு ஆய்வுகளும் அகழாய்வுகளும் காட்டுகின்றன. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகள் பழமையான ஒரு புதைகுழியில் மனிதரின் அருகே பூனை புதைக்கப்பட்டிருந்தது. அந்த வறண்ட நிலத்தின் சுவடுகள் இன்றைய பூனையின் உடலிலும் பழக்கத்திலும் அழியாமல் இருக்கின்றன. அதன் சிறுநீரகங்கள் நீரை மிச்சப்படுத்திச் சிறுநீரை மிகவும் அடர்த்தியாக்குகின்றன. தளர்வான மண்ணைக் கண்டதும் தோண்டவும், கழித்தபின் மூடவும் குட்டிப் பூனைகள் பெரும்பாலும் எவர் பயிற்சியும் இன்றியே முற்படுகின்றன. மணல் பெட்டி என்னும் ஏற்பாடு இந்த இயல்பின்மீதே நிற்கிறது.

அந்த மூதாதையிடமிருந்து வந்த இன்னொரு சொத்து தனிமை. எலி, பல்லி, சிறு பறவை போன்ற இரை ஒரு விலங்கின் பசிக்கே போதுமானது. அதைப் பிடிக்கக் கூட்டாளியும் தேவையில்லை, பிடித்தபின் பங்கிடவும் வழியில்லை. ஆகவே பூனைகள் கூடி வேட்டையாடும் விலங்குகளாக உருவாகவில்லை. உணவு தாராளமாகக் கிடைக்கும் இடங்களில், பெரும்பாலும் உறவுடைய பெண் பூனைகள் சிறு குழுவாக வாழ்வதும், ஒன்றின் குட்டியை மற்றொன்று வளர்ப்பதும் உண்டு. ஆனால் உறவற்ற பூனைகளைப் பொறுத்தவரை, மோதலைத் தீர்த்துக்கொள்வதைவிட மோதலே நேராமல் விலகிப் போவதுதான் அவற்றின் வழி. திறந்த வெளியில் விலகிப் போவதற்கு இடம் இருக்கிறது. சுவர்களுக்குள் வாழும் பூனைகளுக்கோ அந்த விலகலை நாம்தான் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரே வீட்டில் நான்கு பூனைகள் இருந்தால், அவை ஒரே குடும்பமாக வாழ்கின்றன என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பூனைகளின் கணக்கில் அங்கே இரண்டு குழுக்கள் இருக்கலாம். இரண்டு பூனைகள் ஒரு குழுவாகவும், மற்ற இரண்டும் ஒட்டாத தனியர்களாகவும்கூட இருக்கலாம். எவை ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்கின்றன, எவை உடல் தொட்டுக் கிடந்து உறங்குகின்றன, எவை வாலை உயர்த்திக்கொண்டு வந்து உரசுகின்றன என்று சில நாட்கள் குறித்துவைத்தால் குழுக்கள் தெளிவாகத் தெரியும். உணவு வேளையில் அருகருகே நின்று உண்பதை நட்பின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது. பசியால் நெருக்கத்தைச் சகித்துக்கொண்டு, உண்டதும் ஆளுக்கொரு மூலைக்குப் பிரியும் பூனைகள் ஏராளம்.

இந்த இடத்தில்தான் பெட்டிகளின் எண்ணிக்கை பற்றிய பரவலான விதி பொருள் பெறுகிறது. பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அத்தனை பெட்டிகள் வைக்க வேண்டும் என்பது அந்த விதி. அதன்படி மூன்று பூனைகளுக்கு நான்கு பெட்டிகள். கழிவின் அளவை மட்டும் பார்த்தால் இது மிகையாகவே தோன்றும். வளர்ந்த பூனை ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு முறை சிறுநீரும், ஏறத்தாழ ஒரு முறை மலமும் கழிக்கிறது. அடிக்கடி அள்ளினால் ஒரு பெரிய பெட்டியே அதைத் தாங்கிவிடும். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி திறந்திருக்க வேண்டும் என்பதற்காகவே கூடுதல் பெட்டிகள் தேவைப்படுகின்றன. அப்படிப் பார்க்கும்போது, குளியலறையில் வரிசையாக நிற்கும் மூன்று பெட்டிகளும் பூனையின் கண்ணில் ஒரே பெட்டிதான், ஏனென்றால் மூன்றுக்கும் ஒரே வாசல், ஒரே நடைவழி. அதன் குறுக்கே ஒரே ஒரு பூனை படுத்தால் மூன்றும் ஒருசேர மூடிக்கொள்கின்றன. பெட்டிகளை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒன்றோடொன்று சேராத வழிகளை எண்ணிப் பார்க்கும்படி நான் வற்புறுத்துவேன். வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு பூனையும் வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்து மற்றொரு குழுவின் இருப்பிடத்தைக் கடக்காமல் எந்தப் பெட்டியை அடையலாம் என்று கோடு இழுத்தால், எங்கே பெட்டி வேண்டும் என்பதை அந்தத் தாளே காட்டிவிடும்.

இதே காரணத்தால்தான் பெட்டியின் வடிவமும் கவனத்துக்குரியதாகிறது. கூரையும் ஒற்றை வாசலும் உள்ள மூடிய பெட்டிகளை வீட்டார் விரும்புவது இயல்பு. நாற்றமும் சிதறலும் கண்ணுக்கு மறைகின்றன. மூடியதையும் திறந்ததையும் ஒப்பிட்டு 2012இல் வெளியான ஓர் ஆய்வில், பூனைகளிடம் பொதுவான விருப்பு வெறுப்பு எதுவும் தெரியவில்லை. தனித்தனிப் பூனைகள் சிலவற்றுக்கு மட்டுமே தெளிவான தேர்வு இருந்தது. ஆனால் பதுங்கி நின்று துரத்தும் பூனை ஒன்று வீட்டில் இருக்குமானால், மூடிய பெட்டி வெளியேறும் வழியற்ற பொறியாக மாறிவிடுகிறது. உள்ளிருந்தபடி அறை முழுவதையும் பார்க்கவும், இரண்டு பக்கமாகவாவது வெளியேறவும் இடம்தரும் திறந்த பெட்டியே இத்தகைய வீட்டுக்குப் பொருத்தமானது. அளவிலும் கஞ்சத்தனம் கூடாது. மூக்கு நுனியிலிருந்து வாலடி வரை உள்ள நீளத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். கடைகளில் விற்கும் பல பெட்டிகள் இந்த அளவை எட்டுவதில்லை. வயதான பூனைக்கு ஒரு பக்கச் சுவராவது தாழ்வாக இருக்க வேண்டும். 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வில், 90 பூனைகளிடம் மூட்டுத் தேய்மானத்தின் அடையாளங்கள் காணப்பட்டன. அத்தகைய பூனைக்கு உயரமான விளிம்பைத் தாண்டுவது வேதனை தரும் செயல்.

பெட்டிக்குள் இடும் பொருளின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோவ் என்பவர், எண்ணெயை உறிஞ்சப் பயன்பட்ட களிமண் துகள்களை 1947இல் பூனைகளுக்காக விற்கத் தொடங்கும்வரை, சாம்பலும் மணலும்தான் பெட்டிகளை நிரப்பின. 1980களில் பென்டோனைட் என்னும் களிமண் புழக்கத்துக்கு வந்தது. அதன் நுண்ணிய அடுக்குகளுக்கிடையே சோடியம் அயனிகள் உள்ளன. நீர் பட்டதும் அவை நீரை அடுக்குகளுக்குள் இழுக்க, களிமண் உப்பிப் பசைபோல ஒட்டிக் கட்டியாகிறது. நனைந்த பகுதியை மட்டும் கட்டியாக அள்ளி எறிய முடிவது இதனால்தான். நுண்மணலை ஒத்த, மணமூட்டப்படாத இத்தகைய துகள்களையே பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன. வாசனை சேர்த்த துகள்கள் மனித மூக்குக்காகச் செய்யப்பட்டவை.

சுத்தத்தைப் பற்றிப் பொதுவாக நிலவும் ஓர் எண்ணத்தைத் திருத்த வேண்டும். வேறொரு பூனையின் வாடை இருப்பதால்தான் ஒரு பூனை பெட்டியை ஒதுக்குகிறது என்று பலரும் நம்புகிறார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. பூனைகள் சுத்தமான பெட்டியையே நாடின என்றாலும், அசுத்தம் தன்னுடையதா, பிறிதொரு பூனையினுடையதா என்பது அவற்றின் தேர்வை மாற்றவில்லை. வாடையைக் காட்டிலும், தோண்டவும் நிற்கவும் இடமில்லாதபடி கிடக்கும் கழிவுக் கட்டிகளே அவற்றைத் தயங்கவைத்தன. ஆகவே நாளொன்றுக்கு இருமுறை அள்ளுவது, வாசனைப் பொடி தூவுவதைவிட மிகுந்த பயன் தரும்.

இதுவரை சொன்னது கழித்தலைப் பற்றியது. சிறுநீரைத் தெளித்து அடையாளமிடுவது வேறொரு செயல், அதன் தீர்வும் வேறு. கழிக்கும் பூனை குந்தி அமர்ந்து, கிடைமட்டப் பரப்பில் மிகுந்த அளவு சிறுநீரை விடுகிறது. தெளிக்கும் பூனையோ நின்றபடி, வாலை உயர்த்தி நடுங்கவிட்டு, சுவர், கதவு, திரைச்சீலை போன்ற செங்குத்தான பரப்பில் சிறிதளவு பீய்ச்சுகிறது. இது ஒரு செய்திப் பலகை. பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்னும் அமினோ அமிலம் உள்ளது. காக்சின் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் பெயரிட்ட ஒரு புரதம், சிறுநீரில் அது உருவாக உதவுகிறது. வெளியேறிய பின் ஃபெலினின் மெல்லச் சிதைந்து கந்தகச் சேர்மங்களை விடுவிப்பதால்தான் அந்தக் காட்டமான நெடி நாள்கணக்கில் நீடிக்கிறது. கருத்தடை செய்யப்படாத ஆண் பூனைகளிடம் இது மிகுதி. கருத்தடை செய்தால் பெரும்பாலான பூனைகள் தெளிப்பதை நிறுத்திவிடுகின்றன. எனினும் கருத்தடை செய்த ஆண்களில் ஏறத்தாழ 10 சதவீதமும், பெண்களில் ஏறத்தாழ 5 சதவீதமும் தெளிக்கின்றன என்பது 1980களிலிருந்து அறியப்பட்டது. பூனைகள் பெருகப் பெருக, வீட்டில் யாராவது ஒன்று தெளிக்கும் வாய்ப்பும் பெருகுகிறது. சன்னலுக்கு வெளியே உலவும் அயல் பூனையும் இதைத் தூண்டக்கூடும். கண்ணாடியின் கீழ்ப்பகுதியை மறைப்பதே அப்போது முதல் வேலை.

எந்தச் சீரமைப்புக்கும் முன்னால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இங்கே உடலும் சூழலும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டிருக்கின்றன. கிருமித் தொற்றோ கல்லோ இல்லாமலே சிறுநீர்ப்பை வீங்கி வலிக்கும் நோய் ஒன்று பூனைகளுக்கு உண்டு. சிறுநீர்க் கோளாறோடு வரும் இளம், நடுவயதுப் பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு இதுவே காரணம். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டனும் அவருடைய குழுவினரும் நெடுங்காலம் செய்த ஆய்வுகள், இந்த நோய் மன அழுத்தத்தோடு கட்டுண்டது என்பதைக் காட்டின. அச்சத்தில் வாழும் பூனையின் நரம்பு மண்டலம் ஓயாத விழிப்பில் இருக்கிறது. அதன் விளைவாகச் சிறுநீர்ப்பையின் உட்சுவர் தன் காப்பை இழக்க, அடர்ந்த சிறுநீர் உள்ளே ஊடுருவி நரம்புகளை எரிக்கிறது. வலியோடு கழிக்கும் பூனை, அந்த வலியைப் பெட்டியோடு இணைத்துப் புரிந்துகொண்டு பெட்டியை விட்டு விலகுகிறது. நடைவழியில் கிடக்கும் ஒரு பூனையின் பார்வை இவ்வாறு இன்னொன்றின் சிறுநீர்ப்பை வரை எட்டிவிடுகிறது. ஆண் பூனை அடிக்கடி பெட்டிக்குப் போய் முக்கியும் சொட்டுக்கூட வெளிவரவில்லை என்றால், அது சிறுநீர்க்குழாய் அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாட்களில் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை என்பதால், இரவென்றும் பாராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பல பூனைகள் உள்ள வீட்டில், குற்றவாளி என்று நாம் கருதும் பூனை உண்மையில் வேறொன்றாகவும் இருக்கலாம். மருத்துவர் ஒரு பூனைக்கு மட்டும் ஃபுளூரசீன் என்னும் சாயத்தைக் கொடுத்தால், ஏறத்தாழ ஒரு நாளுக்கு அதன் சிறுநீர் புறஊதா விளக்கின்கீழ் பச்சையாக ஒளிரும். மலம் யாருடையது என்று அறிய, நச்சற்ற வண்ணக் கிரேயானை நுண்ணிதாகச் சீவி, பூனைக்கொரு நிறமாக உணவில் கலந்து கொடுப்பதும் வழக்கம். பெட்டியை நோக்கிச் சிறு கேமரா ஒன்றைப் பொருத்தினால், யார் கழிக்கிறார் என்பதோடு யார் தடுக்கிறார் என்பதும் தெரியவரும். என் கணிப்பில் இரண்டாவது செய்தியே மதிப்பு மிக்கது.

நனைந்த இடத்தைச் சோப்பு நீரால் மட்டும் துடைத்தால், நமக்கு மறைந்த வாடை பூனைக்கு மறைவதில்லை. கழிவிலுள்ள புரதங்களையும் யூரிக் அமிலத்தையும் சிதைக்கும் நொதிகள் கலந்த துப்புரவுக் கரைசல் தேவை. அம்மோனியா கலந்த திரவங்கள் சிறுநீரின் நெடியையே ஒத்திருப்பதால் பயன்தராது. பிளீச்சிங் திரவமோ, சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு வினைபுரிந்து நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயுவை உண்டாக்கக்கூடும். பூனையை அதட்டுவதும் அதன் மூக்கை ஈரத்தில் தேய்ப்பதும் கொடுமை. அச்சத்தால் வந்த பழக்கம் கூடுதல் அச்சத்தால் தீராது.

மெத்தையை நாடிப் பழகிவிட்ட பூனையைத் திரும்பக் கொண்டுவர, புதிய பெட்டி ஒன்றை அந்த அறையிலேயே, மெத்தையின் அருகிலேயே வைப்பது நல்லது. பார்வைக்கு அழகாக இராது என்றாலும், அந்தப் பூனை அச்சமின்றி அடையக்கூடிய இடம் அதுதான் என்பதை அதுவே நமக்குச் சொல்லிவிட்டது. தடுக்கும் பூனைக்கு வீட்டின் வேறொரு பக்கத்தில் உயரமான தட்டு, தனி உணவுக் கிண்ணம், தனி நீர்க் கிண்ணம், படுக்கை ஆகியவற்றை அமைத்தால், நடைவழியைக் காத்துக் கிடக்க அதற்குக் காரணம் குறையும். சில வாரங்கள் ஒருமுறைகூடத் தவறாமல் பூனை பெட்டியைப் பயன்படுத்திய பிறகே பெட்டியை இடம் மாற்றத் தொடங்கலாம்; அப்போதும் ஒரு நாளைக்கு ஒரு சாணுக்கு மேல் நகர்த்தாமல், பூனை தயங்கும் நாளில் முந்தைய இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும்.