ஏறும் வாயில் எப்படி ‘நுழைவாயில்’ ஆகும்?

விமான நிலையத்தில் விமானம் ஏறப் போகும் ‘போர்டிங் கேட்’ என்பதை ‘நுழைவாயில்’ என்று எழுதுவதைப் பயணக் குறிப்பிலும் செயலியிலும் செய்தியிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஆளைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் மொழிபெயர்ப்பு இது.

முதலில் சொல்லின் பிறப்பு. வீட்டின் வாய் ‘இல்வாய்’. அது முன்பின்னாக மாறி ‘வாயில்’ ஆனது. இலக்கணப் போலிக்குப் பள்ளியில் படித்தோமே, அதே எடுத்துக்காட்டு. பேச்சில் அது வாசல். வாயில் வழியே உள்ளேயும் போகலாம், வெளியேயும் வரலாம். அந்தச் சொல்லுக்குத் திசை கிடையாது. ‘நுழை’ முன்னால் ஒட்டியதும் திசை வந்துவிடுகிறது: வெளியிலிருந்து உள்ளே.

அந்தப் பெயருக்கு உரிய இடம் விமான நிலையத்தில் ஏற்கெனவே இருக்கிறது. டாக்சியை விட்டு இறங்கியதும் மத்திய தொழிற் பாதுகாப்புப் படைக் காவலர் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்த்து உள்ளே விடுகிறாரே, அதுதான் நுழைவாயில். இந்தியாவின் பெரிய விமான நிலையங்களில் அந்தக் கதவுகளுக்கும் 1, 2, 3 என்று எண் உண்டு. பெட்டியைப் போட்டு, பாதுகாப்புச் சோதனை முடித்து, கடைகளைத் தாண்டி நடந்தால் வருபவை ஏறும் வாயில்கள். அவற்றுக்கு இன்னொரு எண் வரிசை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு பெரியம்மாவுக்கு ‘நுழைவாயில் 5-க்கு வரவும்’ என்று செய்தி போனால், அவர் எந்த 5-க்குப் போவார்? விமானம் கிளம்ப 20, 25 நிமிடம் இருக்கும்போதே ஏறும் வாயிலை அடைத்துவிடுவார்கள். வாசலுக்கும் உள்ளுக்கும் அலைய அவருக்கு நேரம் ஏது?

‘விமானத்துக்குள் நுழைகிறோமே, அப்போது நுழைவாயில் சரிதானே’ என்பார்கள். சரியில்லை. விமானத்துக்குள் நுழைவது விமானத்தின் கதவு வழியாக. வாயில் இருப்பது கட்டடத்தில். சில நேரம் வாயிலில் போர்டிங் அட்டையைக் காட்டி, கீழே இறங்கி, பஸ் ஏறி, தூரத்தில் நிற்கும் விமானத்துக்குப் போகிறோம். விமானம் நிற்கும் இடத்துக்குத் தொழிலில் ‘ஸ்டாண்ட்’ என்று தனிப்பெயரே இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்தை இலங்கைத் தமிழர் ‘தரிப்பிடம்’ என்கிறார்கள். விமானத்துக்கும் அது அழகாகப் பொருந்தும். விமானத்தின் அளவு, வந்து சேரும் நேரம், கட்டடத்திலிருந்து விமானத்துக்கு நீளும் நடைபாலமான ஏரோபிரிட்ஜ் காலியாக இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து நிலையத்தார் தரிப்பிடத்தையும் வாயிலையும் ஒதுக்குகிறார்கள். கடைசி நேரத்தில் வாயில் எண் மாறுவது இதனால்தான். அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனங்கள் பல வாயில்களைத் தங்களுக்கென்றே குத்தகைக்கு எடுத்து வைத்திருக்கும். நம் ஊரில் பொதுவாக ஒரே வாயிலைப் பல நிறுவனங்கள் நேரம் மாற்றிப் பயன்படுத்துகின்றன. இந்த ஏற்பாடு எதுவும் தெரியாமல், அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து வைத்தால் இப்படித்தான் ஆகும்.

என் முடிவு இது: எண்ணோடு வரும்போது வெறும் ‘வாயில் 14’ போதும். பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் ‘ஏறுவாயில்’. எழுத்தும் கூடவில்லை, குழப்பமும் இல்லை.

‘டெர்மினல்’ விஷயத்தில் தமிழ் பிழைத்துக்கொண்டது. லத்தீனில் எல்லையைக் குறித்த ‘டெர்மினஸ்’ அதன் வேர். நமக்கு ‘முனை’யிலிருந்து முனையம். கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் வந்த பிறகு அது எல்லார் வாயிலும் புழங்குகிறது. ஆனாலும் ஒரு முனையம் திறந்தால் ‘புதிய விமான நிலையம் திறப்பு’ என்று தலைப்புப் போடுகிறார்கள். ஓடுபாதையும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பழையதாகவே இருக்க, பயணிகள் கட்டடம் மட்டும் புதிதானால் நிலையம் எப்படிப் புதிதாகும்?

‘டெர்மினல் 5’ என்பதை ‘ஐந்தாவது முனையம்’ என்று எழுதுவதும் பிழை. லண்டன் ஹீத்ரோவில் 1-ஆம் எண் முனையத்தை 2015-இல் மூடிவிட்டார்கள். இப்போது அங்கே இருப்பவை 2, 3, 4, 5. எண்ணிப் பார்த்தால் ஐந்தாவது என்று ஒன்றே இல்லை. அந்த எண், வரிசையைச் சொல்லவில்லை; அது பெயர். ‘முனையம் 5’ என்றே எழுத வேண்டும்.