ஸ்லாக் என்றால் கசடு, கழிவு இல்லை

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கட்டுமான சைட்டில் தூணின் அச்சுப்பலகையைப் பிரித்ததும் காங்கிரீட் நீலப்பச்சையாக நின்றது. ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பி, "அண்ணே, பாசி பிடிச்சிருச்சா?" என்று பதறிவிட்டான். பாசி இல்லை, கலவையில் ஸ்லாக் இருந்தது, அதாவது தாதுவை உருக்கி இரும்பு எடுக்கும்போது பிரிந்து வரும் பொருள். அதிலுள்ள கந்தகம் தரும் நிறம் அது, காற்று பட்டால் மெல்ல வெளுத்துவிடும்.

சரி, ஸ்லாக்குக்குத் தமிழில் என்ன? பலரும் 'எஃகுக் கழிவு' என்று எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கழிவு என்றால் தூக்கிப் போடுவது. கசடு என்பதே பொருத்தம், குறளில் 'கசடற' என்று வருகிறதே, அதே கசடு. எண்ணெய்க் கசடு அடியில் தங்கும், இரும்புக் கசடு உருகிய இரும்பின் மேலே மிதக்கும், ஆனாலும் தூயதிலிருந்து பிரிந்து நிற்பது என்ற பொருள் இரண்டுக்கும் ஒன்றுதான். 'கிட்டம்' என்றும் ஒரு சொல் உண்டு, வடமொழி வழி வந்தது, சித்த மருத்துவத்தில் இன்றும் புழங்குகிறது. ஸ்லாக் என்பது ஜெர்மானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல், அடித்தல் என்ற வேரோடு தொடர்புடையது என்பார்கள்.

தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் ஊதுலையில் (blast furnace) தாதுவிலுள்ள மண்ணும் மணலும் சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து உருகிக் கசடாகிறது. மெதுவாக ஆறவிட்டால் வெறும் கல். தண்ணீரைப் பாய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் கண்ணாடி போன்ற குருணை, அதை மாவாக அரைத்தால் டிஓ-வில் (சரக்கோடு வரும் டெலிவரி சீட்டில்) நாம் பார்க்கும் ஜிஜிபிஎஸ் (GGBS), அதாவது அரைத்த ஊதுலைக் கசடு. இப்படிக் குளிரவைத்த கசடு சிமெண்ட் போல இறுகும் என்று 1862-இல் ஜெர்மனியில் எமில் லாங்கன் கண்டார். இன்று ஐரோப்பியத் தரத்தில் ஊதுலைச் சிமெண்டில் 36 முதல் 95 விழுக்காடு வரை கசடு இருக்கலாம். கசடு கலந்த காங்கிரீட் இறுகும்போது சூடு குறைவாக எழும், கடலுப்பு உள்ளே புகுவதும் குறையும், கடலோரத்தில் கட்டுகிற நமக்கு இது பெரிய விஷயம். முதல் சில நாள்களில் பலம் மெதுவாகத்தான் ஏறும், அதனால் முட்டுகளை அவசரப்பட்டு எடுக்கக்கூடாது.

'எஃகுக் கழிவு' என்பதில் 'எஃகு' என்ற பாதியும் தவறுதான். சிமெண்டுக்கு மாற்றாவது இரும்பு எடுக்கும் ஊதுலையின் கசடு. ஜூரோங்கில் பழைய இரும்பை உருக்குவதோ மின்வில் உலையில் (electric arc furnace), அந்தக் கசடு சாலைக்குப் போடும் கல்லாகப் பயன்படும், சிமெண்டுக்கு அப்படியே ஈடாகாது. சில எஃகுக் கசடுகளில் வேகாமல் எஞ்சிய சுண்ணாம்பு ஈரம் பட்டு ஊதிக் காங்கிரீட்டையே விரிசல் விடவைக்கும். அதனால் ஒன்றை 'ஊதுலைக் கசடுத்தூள்' என்றும் மற்றதை 'மின்வில் உலைக் கசடு' என்றும் பிரித்தே எழுதுங்கள்.