ஃபர்னஸ்: உலையா, சூளையா, கணப்பா?

கனடாவிலும் அமெரிக்காவிலும் ஃபர்னஸ் என்றால் பெரும்பாலும் வீட்டின் பேஸ்மென்டில் நிற்கும் ஒரு தகரப் பெட்டி. எரிவாயுவை எரித்து, அந்தச் சூட்டைக் காற்றில் ஏற்றி, குழாய்கள் வழியாக அறை அறையாக அனுப்புகிற இயந்திரம் அது. டொராண்டோ தமிழர் வீடுகளில் ‘ஃபர்னஸ்’ என்றும் ‘ஹீட்டர்’ என்றும் சொல்கிறார்கள். ஜனவரிக் குளிரில் அது நின்றுபோனால் வீட்டில் வேறு பேச்சே இருக்காது. இவ்வளவு வேண்டப்பட்ட பொருளுக்குத் தமிழில் என்ன பெயர் என்று அகராதியைத் திறந்தால் ‘உலை’, ‘சூளை’ என்று வருகிறது. இரண்டும் நல்ல சொற்கள். ஆனால் இந்தப் பெட்டிக்குப் பொருந்தாதவை.

முதலில் வேரைப் பார்ப்போம். லத்தீனில் ‘ஃபோர்னாக்ஸ்’ என்றால் அடுப்பு, சூளை. ரோமானியர்களிடம் அதே பெயரில் ஓர் அடுப்புத் தெய்வமே இருந்தாள். தானியம் வறுப்பதையொட்டி பிப்ரவரியில் அவளுக்கு விழா எடுத்தார்கள். அந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ஃபர்னஸ் ஆனது. அதன் நெருங்கிய உறவுச் சொல் போர்த்துக்கீசில் ‘ஃபோர்னோ’ என்று நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் பாண் சுடும் அடுப்பைப் ‘போறணை’ என்பார்களே, அது இந்த ஃபோர்னோதான். பாண் என்ற சொல்லும் போர்த்துக்கீசியர் விட்டுப்போனதே. ஆக, கனடாவுக்குப் போன யாழ்ப்பாணத்தார் ஃபர்னஸைப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்தச் சொல்லின் உடன்பிறப்பை நாவில் வைத்திருந்தார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. ஆனாலும் போறணையை வீட்டுச் சூடாக்கிக்குப் பெயராக வைக்க முடியாது. பேக்கரியோடு அது அப்படி ஒட்டிவிட்டது.

உலை என்றால் கொல்லன் பட்டறை நெருப்பு. இரும்பு உருகும் ஊதுலையும் அணு உலையும் அதிலிருந்து வந்த பெயர்கள்தான். சமையற்கட்டில் உலை வைப்பதென்றால் சோற்றுக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பது. சூளை செங்கல்லுக்கும் பானைக்கும் உரியது. தமிழ் பைபிளில் தானியேலின் தோழர்கள் மூவரைப் போட்டதும் அக்கினிச் சூளையில்தான். உலையிலும் சூளையிலும் நெருப்புக்குள் ஒரு பொருளை வைக்கிறோம். அது உருகி, வெந்து, வேறாகி வெளியே வருகிறது. வீட்டு ஃபர்னஸுக்கு அப்படி ஒரு வேலையே இல்லை. மனிதர் குளிர்காய்வதற்காக இருப்பது அது.

குளிர்காய வைக்கும் நெருப்புக்குத் தமிழில் தனிப் பெயர் உண்டு: கணப்பு. நெருப்பு கணகணவென்று எரிகிறது, காய்ச்சலில் உடம்பு கணகணவென்று இருக்கிறது என்கிறோமே, அந்தக் கணகணப்பை இந்தச் சொல்லிலும் கேட்கலாம். மலையூர்களில் கணப்புச் சட்டி இன்றும் தெரிந்த சொல். இன்னும் பழைய சொல்லும் இருக்கிறது. வாடைக் காலத்தில் குறுகிய வாய்ச் செம்பின் குளிர்ந்த நீரை யாரும் குடிக்காமல், அகன்ற வாயுள்ள ‘தடவு’ என்னும் சட்டியில் செந்நெருப்பைக் காய்ந்தார்கள் என்று நெடுநல்வாடை சொல்கிறது. தடவு வழக்கொழிந்துவிட்டது, கணப்பு ஒழியவில்லை. அதனால் ‘எரிவாயுக் கணப்பு’ என்பதே சரியான பெயர் என்பது என் முடிவு. தண்ணீரைச் சூடாக்கிச் சுற்றவிடும் பாய்லர் வேறு, அது கொதிகலன்.

கணப்பு என்ற பெயர் இயந்திரத்தின் உள்ளமைப்புக்கும் ஒத்துப்போகிறது. அகலாமலும் அணுகாமலும் தீக்காய்வாரைப் போல மன்னரிடம் இருக்க வேண்டும் என்கிறது 691ஆம் குறள். இந்தப் பெட்டிக்குள் நடப்பதும் அதேதான். சுடர் ஓர் உலோகக் கூட்டுக்குள் எரிகிறது. அதுதான் வெப்பப் பரிமாற்றி. வீட்டுக் காற்று அந்தக் கூட்டின் வெளிப்புறத்தைத் தொட்டுச் சூடாகிறது. புகையும் காற்றும் கலப்பதே இல்லை. அந்தக் கூட்டில் விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு மூச்சுக்காற்றில் கலக்கக்கூடும். அதற்கு நிறமும் மணமும் கிடையாது என்பதால்தான் வீட்டில் அதற்கான அலாரம் கட்டாயம் வேண்டும்.

இனி, புதுக் கணப்பை முதன்முதலாக இயக்குவது. ஆங்கிலத்தில் ‘கமிஷனிங்’ என்பார்கள். கப்பலைப் பணியில் சேர்ப்பதற்கும் அதே சொல். தமிழில் ‘இயக்கி ஒப்படைத்தல்’ என்றால் போதும். ‘ஒப்படைத்தல்’ என்பதை நான் விடமாட்டேன். பூட்டிவிட்டு, சூடு வருகிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புவது ஒப்படைத்தல் ஆகாது. ஒன்டாரியோவில் இதை உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பர்தான் செய்ய வேண்டும். ஆனால் அவர் என்ன பார்க்கிறார் என்பது வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்ப்பது முதல் வேலை. அப்புறம் அறையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கூட்டினால் எல்லாம் வரிசையாக நடக்கும். புகையை வெளியே தள்ளும் சின்ன விசிறி சுழலும். இழுப்பு சரியாக இருக்கிறது என்று அழுத்த சுவிட்ச் சொன்ன பிறகே பற்றவைப்பான் சிவக்கும். வால்வு திறந்து சுடர் பிடிக்கும். சுடர் இருப்பதைச் சில விநாடிகளில் உணரி உறுதிசெய்யாவிட்டால் வால்வு தானே மூடிக்கொள்ளும். கூடு சூடேறிய பிறகுதான் பெரிய விசிறி வீட்டுக்குள் காற்றை அனுப்பும்.

அடுத்தது அளவு வைப்பது. வால்வைத் தாண்டி வரும் வாயுவின் அழுத்தத்தை மானோமீட்டரால் அளக்கிறார்கள். இயற்கை எரிவாயுவுக்கு வழக்கமான அளவு 3.5 அங்குல நீர் அழுத்தம், அதாவது குழாயில் தண்ணீரை மூன்றரை அங்குலம் உயர்த்தும் அளவு. புரொப்பேனுக்கு 10 அங்குலத்தை ஒட்டி. சரியான எண் பெட்டியின் உள்ளே ஒட்டியுள்ள தகட்டில் இருக்கும். வாயு எவ்வளவு எரிகிறது என்பதை மீட்டரிலேயே பார்க்கலாம். மற்ற எரிவாயுச் சாதனங்களை அணைத்துவிட்டு, 1 கன அடி ஓட 45 விநாடி ஆகிறது என்றால் மணிக்கு 80 கன அடி. கன அடிக்கு ஏறத்தாழ 1,000 பிடியு (BTU, வெப்பத்தை அளக்கும் அலகு) என்று வைத்தால் மணிக்கு 80,000 பிடியு. தகட்டில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ‘வெப்ப ஏற்றம்’. பெட்டிக்குள் போகும் காற்றின் சூட்டுக்கும் வெளியே வரும் காற்றின் சூட்டுக்கும் உள்ள வேறுபாடு அது. தகட்டில் 35 முதல் 65 பாரன்ஹீட் என்று இருந்து, 68இல் போன காற்று 118இல் வந்தால் ஏற்றம் 50, நல்லது. ஏற்றம் மேல் வரம்பைத் தாண்டினால் கூட்டுக்குப் போதிய காற்று வரவில்லை என்று பொருள்: விசிறியின் வேகத்தைக் கூட்டவேண்டும், ஃபில்டரையும் குழாயையும் பார்க்க வேண்டும். அப்படியே விட்டால் உச்சவரம்பு சுவிட்ச் அடிக்கடி சுடரை அணைக்கும், கூட்டிலும் சீக்கிரம் விரிசல் விழும். ஏற்றம் கீழ் வரம்புக்கும் குறைந்தால் கூட்டிலேயே ஈரம் படிந்து துருப்பிடிக்கும்.

முதல் ஓட்டத்தில் எண்ணெய் கருகும் வாடை வரும். உலோகத்தில் பூசிய எண்ணெய்தான் அது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும். அழுகிய முட்டை நாற்றம் என்றால் அது வாயுக் கசிவு. எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லாரும் வெளியேறி, வெளியிலிருந்துதான் போன் செய்ய வேண்டும்.

தொழில்நுட்பர் கிளம்பும் முன் வாயு அழுத்தம், வெப்ப ஏற்றம், தேதி மூன்றையும் கணப்பின் கதவின் உட்புறத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு பார்க்க வருபவர் அந்த எண்களோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்.