சிதூர்: களத்துக்குப் போன முறைநூல்

யூதர்களின் வழிபாட்டு நூலுக்கு எபிரேய மொழியில் ‘சிதூர்’ என்று பெயர். தமிழில் இதை ‘ஜெபப் புத்தகம்’ என்று எழுதிவிடுகிறோம். புரிகிறது, ஆனால் மூலச் சொல்லில் ஜெபம் என்ற பொருளே கிடையாது.

ஸ-த-ர் என்ற வேர் ஒழுங்கு, வரிசை, முறை ஆகியவற்றைக் குறிக்கும். யூதர்களின் பஸ்கா பண்டிகை இரவு விருந்தைச் ‘சேதெர்’ என்பதும் அதனால்தான். அந்த இரவில் எதன்பின் எது என்பதற்கு முறை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயின் யூதர்கள் கேட்டுக்கொண்டதால் பாபிலோனிய அறிஞர் அம்ராம் ஆண்டு முழுமைக்குமான வேண்டல்களை வரிசைப்படுத்தி அனுப்பினார். அந்தத் தொகுப்பின் பெயரும் சேதெர்தான். ஆக, எந்த வேளையில் எதைச் சொல்வது என்ற முறையே சிதூர். பண்டிகை நாள்களுக்குரிய நூல் வேறு. அது ‘மஹ்சோர்’, சுழற்சி என்று பொருள்.

இந்த நூல் போர்க்களத்துக்குப் போனபோது வந்த சிக்கலும் முறை பற்றியதுதான். முழுச் சிதூர் தடித்தது. பதுங்குகுழியில் இருப்பவனுக்குச் சட்டைப்பையில் அடங்குவது வேண்டும். எதை விடுவது? முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் பிரிட்டனில் தலைமை ரப்பி (யூத மதகுரு) ஜோசஃப் ஹெர்ட்ஸின் ஒப்புதலோடு யூதக் கடற்படையினருக்கும் தரைப்படையினருக்கும் ஒரு சிறுநூல் வந்தது. அதே ஆண்டு பெர்லினில் ஜெர்மானிய யூத வீரர்களுக்கும் ஒன்று அச்சானது. ஜெர்மனிக்காகப் போரிட்ட யூதர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அவர்களில் சுமார் 12,000 பேர் மாண்டனர். எதிரெதிர் அகழிகளில் இருந்தவர்கள் “இஸ்ரயேலே, கேள்” என்று தொடங்கும் அதே ‘ஷெமா’ என்ற நம்பிக்கை அறிக்கையைத்தான் சொன்னார்கள். ஆட்சியாளருக்கான வேண்டுதல் மட்டும் ஒருபக்கம் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கு, மறுபக்கம் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியமுக்கு. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

சுருக்குவதற்கு மரபிலேயே இடம் உண்டு. ஆபத்தான இடத்தில் நடப்பவன் குறுவேண்டல் சொன்னால் போதும் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ரப்பி யோசுவா சொல்கிறார். அமெரிக்காவில் 1917-இல் தோன்றிய யூத நல வாரியம் தன் வீரர்களுக்குத் தந்ததும் சுருக்கப் பதிப்புதான். பழமை பேணுவோர், சீர்திருத்தத்தார் என எல்லாப் பிரிவினருக்கும் ஒரே நூல் என்பதால், எதை வைப்பது என்பதில் ஊருக்குள் எளிதில் வராத இணக்கம் படைக்காக வரவேண்டியிருந்தது.

சரி, தமிழில் எப்படிச் சொல்லலாம்? ‘முறை’ என்பதே சரியான வேர் என்பேன். பாடல்களை வகுத்து அடுக்கிய சைவத் தொகுப்பைத் ‘திருமுறை’ என்று வழங்கும் மொழி நம்முடையது. அந்தப் பெயரை அப்படியே இதற்குச் சூட்டக் கூடாது; அது சைவருக்கு உரியது. ‘வழிபாட்டு முறைநூல்’ என்றால் போதும். ஜெர்மானியர் தங்கள் பதிப்பின் பெயரில் ‘ஃபெல்ட்’ என்று சேர்த்தார்கள். வயலுக்கும் போர்முனைக்கும் அவர்களுக்கு அதே சொல். நெல்லடிக்கும் இடத்தையும் போரிடும் இடத்தையும் நாம் ‘களம்’ என்கிறோமே, அதுபோல. எனவே வீரர்கள் சுமந்த சிறுநூலை ‘கள முறைநூல்’ எனலாம்.

எபிரேயச் சொல்லையே எழுதுவதானால் ‘சிதூர்’ என்று ஒற்று மிகாமல் எழுதுங்கள். ‘சித்தூர்’ என்றால் ஆந்திரத்து ஊர் ஆகிவிடும்.