சார்பு இருக்கச் செயல்பாடு எதற்கு?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு யாரோ ஒரு கணக்குத் தாளை அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். 'நேரியல் செயல்பாடுகளைப் பயன்படுத்தித் தொலைவு, நேரக் கணக்குகளைத் தீர்க்கவும்.' இந்த ஆண்டில் இந்தச் 'செயல்பாடு' கண்ணில் படுவது நாலாவது தடவை. பேத்தி கேட்டாள்: "தாத்தா, இதுல யாரு என்ன செய்யணும்?"

'நேரியல் செயல்பாடு' என்பது ஆங்கில 'லீனியர் ஃபங்ஷன்' என்பதன் மொழிபெயர்ப்பு. கணக்கில் 'ஃபங்ஷன்' என்பதற்குத் தமிழில் ஏற்கெனவே 'சார்பு' இருக்கிறது. 'ஃபங்ஷன்' லத்தீனிலிருந்து வந்த சொல், வேர்ப்பொருள் 'ஆற்றுதல்'. 1673-இல் ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் அதைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். 'லீனியர்' என்பது கோட்டைக் குறிக்கும் 'லினியா'விலிருந்து வந்தது.

வேரே செயல்தானே என்று மொழிபெயர்ப்பாளர்கள் வாதாடுவார்கள். வேரைப் பெயர்ப்பதா, பொருளைப் பெயர்ப்பதா? அகராதியில் கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். இரண்டு வரி கீழே 'விழா' என்றும் இருக்கும். நல்லவேளை, 'நேரியல் விழா' ஆகவில்லை.

கணக்கையே பாருங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் டர்பனிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. அங்கிருந்து ஒரு கார் ஜொகானஸ்பர்க் நோக்கி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. டர்பனிலிருந்து அதன் தொலைவு = 100 × நேரம் + 80. இரண்டு மணி நேரத்தில் 280, மூன்றில் 380. நேரத்தைச் சொன்னால் தொலைவு தெரிந்துவிடும். ஒன்று மற்றொன்றைச் சார்ந்து நிற்கிறது. 570-ஆவது கி.மீ.-ஐ எட்ட, 80 போக மீதி 490-ஐ 100-ஆல் வகுக்க வேண்டும்: 4.9 மணி, அதாவது 4 மணி 54 நிமிடம். (4 மணி 9 நிமிடம் என்று எழுதும் பெரியவர்களும் உண்டு.) இந்தச் சார்ந்து நிற்றலுக்குத்தான் 'சார்பு' என்று பெயர். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் இயலே 'உறவுகளும் சார்புகளும்'.

சார்பு என்றால் பாரபட்சம் என்று பிள்ளைகள் குழம்பிவிடுவார்களாம்! நடுவர் ஒரு பக்கம் சாய்ந்தாலும் அதுவும் சார்தல்தான். எந்தக் குழந்தையும் குழம்பியதில்லை. 'செயல்பாடு'தான் குழப்புகிறது, பாடநூல்களில் வெட்டி ஒட்டும் பயிற்சிக்கெல்லாம் அதுவே பெயர் என்பதால்.

'நேரியல்' எனக்கு அரைமனசுதான். இயற்பியல், உயிரியல் போல ஏதோ ஒரு துறை மாதிரி ஒலிக்கிறது. வரைபடம் நேர்கோடாக வருவதால் 'நேர்கோட்டுச் சார்பு' என்றே சொல்லலாம். வாரத்துக்கு ஒரு நாள் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு, கொடுக்கும் நாலு சொல்லாவது விளங்க வேண்டாமா?

தாள் முழுக்கச் 'செயல்பாடு' என்பதை அடித்துச் 'சார்பு' என்று எழுதினேன். கடைசிப் பக்கத்தில் மட்டும் விட்டுவிட்டேன்: 'செயல்பாடு: கயிற்றால் அளந்து வரைபடம் வரைக.' அங்கே அது சரி.