தனுஷ்கோடியில் ஒரே காற்று, இரண்டு கடல்

"தனுஷ்கோடியில் கயாக் ஓட்டப் பணம் கட்டியிருந்தோம். அன்று காலை பலத்த காற்று. கைடு தெற்குப் பக்கம் வேண்டாம் என்று சொல்லி, மணல்திட்டைக் கடந்து வடக்குப் பக்கத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார். அங்கே கடல் குளம் மாதிரிக் கிடந்தது. அங்கேயும் அதே காற்றுதானே அடித்தது? இவ்வளவு அமைதியான கடலிலும் ஐம்பது மீட்டருக்கு மேல் எங்களைப் போகவிடவில்லை. ஏன்?" ஜூலையில் ராமேஸ்வரம் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா, நடுவில் ஒல்லியான மணல். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். நிலம் காற்றைத் தடுப்பதால்தான் வடக்கு அமைதியாக இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த மணல் என்ன மலையா? வடக்குக் கரையில் நின்றாலும் தொப்பி பறக்கத்தான் செய்யும். வித்தியாசம் காற்றின் பலத்தில் இல்லை. தண்ணீர்மேல் அது எவ்வளவு தூரம் ஓடிவந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. கடலியலில் இந்தத் தூரத்தை 'ஃபெட்ச்' என்பார்கள். தெற்குக் கரைக்குக் கடல்மேல் நெடுந்தூரம் ஓடிவரும் அதே காற்று, வடக்குக் கரையில் அப்போதுதான் தண்ணீரைத் தொடுகிறது.

அலை பிறக்கும் விதத்தை எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு அலுக்காது. காற்று ஒருபோதும் சீராக வீசாது. அதற்குள் அழுத்தம் கூடிய திட்டுகளும் குறைந்த திட்டுகளும் கலந்து ஓடுகின்றன. அவை நீர்ப்பரப்பை அங்கங்கே லேசாக அமுக்க, சிற்றலைகள் எழுகின்றன. அப்புறம்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. சிற்றலை எழுந்துவிட்டால் காற்றுக்குப் பிடிமானம் கிடைத்துவிடுகிறது. காற்றைப் பார்த்த முகத்தில் அழுத்தம் கூடுகிறது, மறுபக்கத்தில் குறைகிறது. பின்னால் தள்ளுகிறது, முன்னால் இழுக்கிறது. அலை கொஞ்சம் உயர்கிறது. உயர்ந்த அலை காற்றோட்டத்தை இன்னும் கலைக்கிறது, அதனால் காற்றிடமிருந்து இன்னும் அதிக ஆற்றலை வாங்குகிறது, மேலும் உயர்கிறது. வட்டிக்கு வட்டி ஏறுவது போலத்தான். ஓவன் பிலிப்ஸ், ஜான் மைல்ஸ் இருவரும் 1957-இல் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகள்தான் இந்த இரண்டு கட்டங்களையும் கணக்கில் கொண்டுவந்தன.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு கிலோமீட்டர் நீரைக் கடந்தால் சுமார் 15 சென்டிமீட்டர் அலைதான் எழும். அதே காற்று நூறு கிலோமீட்டர் கடந்தால் அலை ஒன்றரை மீட்டரைத் தொடும். கயாக்கில் உட்கார்ந்திருப்பவரின் கண் தண்ணீரிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில்கூட இருக்காது. இரண்டு அலைகளுக்கு நடுவில் இறங்கினால் கரையே தெரியாது.

இதை ஒரே பார்வையில் காட்டும் இடம் தனுஷ்கோடியின் வடக்குக் கரை. போன வருடம் நானும் ஒரு கைடுடன் அங்கே போனேன். காற்றில் வந்த மணல் கெண்டைக்காலைச் சுரீர் சுரீரென்று குத்திக்கொண்டிருந்தது. நீர்விளிம்பில் குத்துக்காலிட்டுப் பார்த்தேன். காலடியில் கண்ணாடி. ஒரு கை நீளம் தள்ளி, மீன் செதில் போன்ற நெளிவுகள். அதற்கப்பால் விரல் உயர அலைகள். தொலைவில் நீர் கறுத்து, வெள்ளை நுரை தெறித்தது. அலையின் மழலை முதல் வாலிபம் வரை வரிசையாக விரித்து வைத்தது போல இருந்தது.

தெற்கே ஆண் கடல், வடக்கே பெண் கடல், அவற்றின் குணமே அப்படி என்று பயணிகளிடம் சொல்வார்கள். டிசம்பரில் வந்து பாருங்கள். வாடைக்காற்று பாக் விரிகுடாவில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும், 'பெண் கடல்' கொந்தளிக்கும், தெற்குப் பக்கம் அடங்கிக் கிடக்கும். மீனவர்களுக்கு இது அத்துபடி. குணம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் ஒரு அருமையான இயற்பியல் பாடம் போய்விடுகிறது என்பதுதான் என் ஆதங்கம். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) நிறுவனம் அன்றாடம் அலை முன்னறிவிப்பு தருகிறது. அதைச் சரிபார்க்கக் கடலில் அளவை மிதவைகள் வேண்டும். கடலோர மாவட்டத்துக்கு ஒன்றாவது நிறுத்த அரசு தாராளமாகச் செலவிட வேண்டும்.

சரி, ஐம்பது மீட்டர் எல்லைக்கு வருவோம். வடக்குக் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரம் தண்ணீர் அமைதியாக இருப்பதும், படகு வெளியே தள்ளப்படுவதும் அந்த ஒரே காரணத்தால்தான். எங்கள் கைடு ஒரு தெர்மாகோல் துண்டை நீரில் போட்டுக் காட்டினார். விறுவிறுவென்று ஓடி, நாங்கள் லைஃப் ஜாக்கெட் கட்டி முடிப்பதற்குள் தொலைவில் வெள்ளைப் புள்ளியாகிவிட்டது. துண்டைப் பொறுக்கி வர அவரே முதலில் போனார், பின்னாலேயே நான். போகும்போது துடுப்புப் போடவே தேவையிருக்கவில்லை, இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பும்போது பத்து நிமிடம் போட்டும் கரை நெருங்கவில்லை. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்ததை அன்றைக்குத் தோள்பட்டையில் உணர்ந்தேன்.

"நெஞ்சுல காத்த வாங்காதீங்க சார், நல்லா குனிஞ்சு போடுங்க" என்றார் கைடு. விசை, காற்றை எதிர்க்கும் பரப்பளவையும் பொறுத்தது. குனிந்தேன். படகு நகர்ந்தது.