ஹார்ட்னஸைக் கூட்டினால் உடையாதா?

போன வாரம் என் மேசைக்கு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ஏழு ஆலன் போல்ட் தலைகள். எம்10 (10 மி.மீ. விட்டம்), 12.9 என்ற வலிமை கிரேடு, பளபளவென்று ஜிங்க் பிளேட்டிங் (துத்தநாகப் பூச்சு). மாலையில் சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். காலையில் வந்து பார்த்தால் தலைகள் தனியே தரையில் கிடக்கின்றன. இரவில் இயந்திரம் ஓடவே இல்லை. கூடவே ஒரு கடிதம்: "மெட்டீரியல் மட்டம் என்று நினைக்கிறோம். ஹார்ட்னஸைக் கூட்டிச் செய்யச் சொன்னால் சரியாகிவிடுமா?"

ஆகாது. இன்னும் சீக்கிரம் உடையும். இதே கேள்விக்கு இதே பதிலை எத்தனை அறிக்கையில் எழுதிவிட்டேன் என்று கணக்கில்லை. அதனால் இந்த முறை எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

ஹார்ட்னஸ் என்பது ஒரு பொருளின் மேற்பரப்பு, தன்னைக் குத்தி அழுத்தும் இன்னொன்றுக்கு எவ்வளவு இடம் கொடுக்காமல் நிற்கிறது என்பதன் அளவு. அவ்வளவுதான். வைரக்கூம்பை 150 கிலோ எடையில் அழுத்துகிறோம், எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்க்கிறோம், ராக்வெல் சி எண் (சுருக்கமாக எச்ஆர்சி) கிடைக்கிறது. உடையுமா உடையாதா என்று அந்தச் சோதனை கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு அந்த எண்ணில் பதில் தேடாதீர்கள்.

ஜன்னல் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். விக்கர்ஸ் என்ற இன்னொரு ஹார்ட்னஸ் அளவில் அது 500-ஐத் தொடும். சாதாரண மைல்ட் ஸ்டீல் 150-க்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதாவது கண்ணாடி மூன்று மடங்கு ஹார்ட். இரண்டிலும் ஒவ்வொரு தகடு எடுத்துச் சுத்தியலால் அடித்துப் பாருங்கள். இரும்பு நெளியும், கண்ணாடி சிதறும். நெளிகிற இரும்பு அடியின் ஆற்றலைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. அப்படி வாங்கிக்கொள்ளும் திறனுக்குப் பெயர் டஃப்னஸ். கண்ணாடியில் அது இல்லை. ஒரு கீறல் கிடைத்தால் போதும், விரிசல் நேராக ஓடிவிடும். வைரத்தைவிட ஹார்டான பொருளை அன்றாடத்தில் யாரும் பார்ப்பதில்லை, அந்த வைரமும் சரியான திசையில் ஓர் அடி விழுந்தால் பிளந்துவிடும்.

குழப்பத்துக்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. எஃகில் ஹார்ட்னஸ் ஏறினால் இழுவிசை வலிமையும் கூடவே ஏறும். ஒன்றிலிருந்து மற்றொன்றை மதிப்பிட அட்டவணையே இருக்கிறது. 12.9-இல் உள்ள 12 என்பது 1200 மெகாபாஸ்கல் இழுவிசை வலிமை, .9 என்பது அதில் 90 சதவீதத்தில் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பது. ஆனால் ஹார்ட்னஸும் வலிமையும் ஏற ஏற, டஃப்னஸ் பெரும்பாலும் இறங்கும். குவென்ச் செய்த, அதாவது சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்த எஃகை மறுபடி அளவாகச் சூடேற்றி டெம்பர் செய்வது எதற்கு? கிடைத்த ஹார்ட்னஸில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து டஃப்னஸை வாங்கத்தான்.

விறைப்பு வேறு சங்கதி. "ஷாஃப்ட் வளைகிறது, ஹார்டன் செய்து கொடுங்கள்" என்று ஒருவர் கேட்டார். லோடு எடுத்ததும் நேராகிவிடும் வளைவு அது. விறைப்பைச் சொல்லும் எண்ணான யங் குணகம் எஃகுக்கு ஏறக்குறைய 200 முதல் 210 கிகாபாஸ்கல். ஹார்டன் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது பெரிதாக மாறாது. விட்டத்தைக் கூட்டுங்கள்.

சரி, போல்ட்டுக்கு வருவோம். ஹார்ட்னஸ் பார்த்தேன், 43 எச்ஆர்சி. 12.9-க்கு 39 முதல் 44 வரை இருக்கலாம், ஆக மெட்டீரியலில் குறையில்லை. உடைந்த முகத்தை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தால், இழுத்து அறுந்த எஃகில் தெரிய வேண்டிய சின்னச்சின்னக் குழிகள் தொடங்கிய இடத்தில் இல்லை. கற்கண்டை உடைத்துப் பரப்பிய மாதிரி, படிகம் படிகமாக, பட்டை தீட்டிய முகங்கள். எஃகுக்குள் இருக்கும் நுண்படிக மணிகள், ஒன்றையொன்று தொடும் எல்லையோடு பிரிந்திருக்கின்றன. ஹைட்ரஜன் வேலை இது. பிளேட்டிங்குக்கு முன் ஆசிடில் முக்கும்போதும், பிளேட்டிங் தொட்டியில் மின்சாரம் ஓடும்போதும் உள்ளே போன ஹைட்ரஜன், மேலே படிந்த ஜிங்க்கைத் தாண்டி எளிதில் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்கிறது. முறுக்கிய பிறகு இழுவிசை அதிகமுள்ள இடத்துக்கு மெல்ல நகர்ந்து சேர்கிறது. அதனால்தான் உடனே உடையாமல் சில மணி நேரம் கழித்து உடைகிறது.

ஆசிடில் கிடந்த இரும்பு நொறுங்குவதை வில்லியம் ஜான்சன் 1875-லேயே எழுதிவிட்டார். புதுச் செய்தியே அல்ல. 2013 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ–ஓக்லாண்ட் பே பிரிட்ஜில் 96 நங்கூரக் கம்பிகளை இழுத்து முறுக்கியபோது சில நாட்களுக்குள் 32 கம்பிகள் உடைந்தன. மூன்று அங்குல விட்டமுள்ள, கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) கம்பிகள். 2008-லிருந்து அவை இருந்த துளைகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. அங்கே ஹைட்ரஜன் வந்த வழி வேறு, எஃகு உடைந்த விதம் இதுதான்.

ஆகவே, தயவுசெய்து கருப்பாக வரும் 12.9 போல்ட்டை அழகுக்காகப் பிளேட்டிங்குக்கு அனுப்பாதீர்கள். துரு பிடிக்கக் கூடாது என்றால் மின்சாரம் இல்லாமல் துத்தநாகச் செதில்களைப் பூசும் ஜிங்க் ஃப்ளேக் கோட்டிங் கேளுங்கள். ஆசிடுக்குப் பதிலாக ஷாட் பிளாஸ்ட் செய்து (சிறு குண்டுகளை வேகமாக அடித்து) சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இடம் இருந்தால் வலிமை குறைந்த 8.8 கிரேடில் பெரிய சைஸ் போடுங்கள், இந்தத் தலைவலி பொதுவாக வராது. பிளேட்டிங்தான் வேண்டும் என்றால், 39 எச்ஆர்சிக்கு மேல் உள்ள எதையும் தொட்டியிலிருந்து எடுத்த 4 மணி நேரத்துக்குள் ஓவனில் வைத்து 190 முதல் 220 டிகிரியில் சூடேற்ற வேண்டும். அரை மணி காட்டி எடுத்தால் போதாது. 8 மணி நேரமாவது வேண்டும், எஃகு கடினமாக இருந்தால் 20-ஐயும் தாண்டும். பாசிவேஷன், அதாவது ஜிங்க்கின் மேல் செய்யும் பாதுகாப்பு ரசாயனப் பூச்சு, அதற்குப் பிறகுதான். பர்ச்சேஸ் ஆர்டரில் இதை எழுதுங்கள், ஓவன் சார்ட்டையும் (சூடும் நேரமும் பதிவான தாள்) கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னால் நடக்காது.

டிராயிங்கில் "60 எச்ஆர்சி" என்று மட்டும் எழுதி அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கார்புரைஸ் செய்து (மேற்பரப்பில் கார்பனை ஏற்றி) மேல்தோலை மட்டும் கடினமாக்கி உள்ளே டஃப்பாக விடுவது ஒன்று, பாகம் முழுவதையும் கடினமாக்குவது வேறொன்று, மேலே இன்னொரு பொருளைப் பூசுவது மூன்றாவது. எது வேண்டும், எத்தனை ஆழம் என்று எழுதாவிட்டால் செய்கிறவர் தனக்குச் சுலபமானதைச் செய்துவிடுவார். டைட்டானியம் நைட்ரைடு பூசிய பாகத்தை ராக்வெல் சி-யில் சோதித்துவிட்டு "கோட்டிங் சாஃப்ட்" என்று திருப்பி அனுப்பவும் வேண்டாம். கோட்டிங் 3 மைக்ரான். 60 எச்ஆர்சி எஃகிலேயே அந்தக் கூம்பு சுமார் 80 மைக்ரான் இறங்கும். நீங்கள் அளந்தது அடியில் இருக்கும் எஃகைத்தான்.

அப்புறம், உடைந்த பாகத்தை அனுப்பும்போது இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பார்க்காதீர்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், முகத்தை விரலால் தொடவும் வேண்டாம். ஈரமில்லாமல், தனித்தனியாகச் சுற்றி, எத்தனை மணிக்கு முறுக்கினீர்கள், எத்தனை மணிக்கு உடைந்ததைப் பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். இந்த ஏழு தலைகளில் மூன்றைப் பளபளப்பாகத் தேய்த்து அனுப்பியிருந்தார்கள். மிச்சம் நான்கில்தான் கற்கண்டு தெரிந்தது.